போணி ஒரு நாளைக்குத்தான்

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னதாகவே ஃப்ளெக்ஸ் வந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டுக்கு எட்டு அடி. ஒரு ஓரத்தில் சிவப்புக் கார், இன்னொரு ஓரத்தில் பெரிய கோவில் விமானம், நடுவில் மஞ்சள் எழுத்தில் ‘50% தள்ளுபடி’. அக்கா மகன் அதை ஷெட்டுத் தரையில் விரித்து, காற்று தூக்காமலிருக்க நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு, “எப்படி மாமா?” என்றான். திருச்சியில் ஒரு கார் ஷோரூமில் ஆறு வருஷம் டீடெயிலிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுகிற வேலை, பார்த்தவன். கைவேலை தெரியும். வல்லம் போகிற வழியில் அவன் அப்பா எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் ஷெட் போட்டு, 2025 விஜயதசமியன்று திறக்க நாள் குறித்திருந்தான்.

“பாதி விலைனு யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

அந்த எல்லாரையும் எனக்குத் தெரியும். கீழவாசலில் அரிசி மண்டி வைத்திருக்கிற அவன் மாமனார். டிராவல்ஸ் ஓட்டுகிற சிநேகிதன். பக்கத்து டயர் கடைக்காரர். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் செல்போனில் தொழில் ரகசியம் சொல்லித்தருகிற முகம் தெரியாத சிலர். எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாடு: புதுக் கடை, முதல் ஆறு மாசம் லாபம் பார்க்காதே, விலையைக் குறைத்து வை, கூட்டம் தானாகச் சேரும், பேர் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். கூடவே ஒரு எச்சரிக்கை: நம்ம ஊர்க்காரன் கோயம்புத்தூர்க்காரன் மாதிரி காருக்குக் காசை இறக்க மாட்டான்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டை வரை கடை போடுகிற எவருக்கும் இந்த ஒரே கஷாயத்தைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். பேக்கரிக்கும் இதுதான், போட்டோ ஸ்டுடியோவுக்கும் இதுதான். இருபது வருஷமாகச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மூடிய கடைகளின் கடைசிப் பக்கத்தையும் நான்தான் எழுதியிருக்கிறேன். விலை கூடுதல் என்று ஆள் வராமல் மூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆள் வந்துகொண்டே இருக்கும்போது, கல்லாவில் பணம் விழுந்துகொண்டே இருக்கும்போது மூடியவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் கஷாயத்தை மறுத்துப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மண்டிக்காரரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது அவர் தொழிலுக்கு நூற்றுக்கு நூறு சரி. 26 கிலோ சிப்பத்துக்கு இருபது ரூபாய் குறைத்தால் நாளைக்கு முப்பது சிப்பம் போகிற இடத்தில் அறுபது போகும். (25 கிலோ வரை பையில் அடைத்த அரிசிக்கு 2022-ல் ஜிஎஸ்டி வந்ததும் சிப்பம் ஒரே ராத்திரியில் 26 கிலோ ஆன கதையை அவரிடம்தான் கேட்க வேண்டும். விலை விஷயத்தில் அவர் ஏமாளி இல்லை.) அறுபது சிப்பத்துக்கு அவர் கூடுதலாகச் செய்ய வேண்டியது ஆலைக்கு ஒரு போன். இன்று போகாத சிப்பம் நாளைக்குப் போகும். மருமகனிடம் இருக்கும் சரக்கோ ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். கூட்டம் சேர்ந்தால் அது பதினெட்டு மணி நேரம் ஆகாது. இன்றைக்குப் பாதி விலைக்குக் கொடுத்த மத்தியானத்தை நாளைக்கு முழு விலைக்கு விற்கவும் முடியாது. சரக்கு விற்பவனின் புத்திமதியை நேரம் விற்பவன் எடுத்துக்கொண்டால் வருவது கூட்டம் இல்லை, முதுகுவலி.

‘போணி’ என்ற நம் சொல்லையும் இவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது, முதலுக்கே கொடுத்தாலும் பரவாயில்லை என்பது வழக்கம். பூக்காரப் பாட்டி முதல் முழத்தைக் குறைத்துக் கொடுத்து, காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அடுத்த ஆளிடம் அவள் சொல்லும் விலை வேறு. போணி விலையை ஆறு மாசம் வருகிற அத்தனை பேருக்கும் கொடு என்று எந்தப் பூக்காரப் பாட்டியும் சொன்னதில்லை.

விலையைப் பேசுமுன் வேலையைப் பார்க்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் டீடெயிலிங் என்றால் கொஞ்சம் சோப்பு அதிகமான வாட்டர் வாஷ் என்றே நினைக்கிறார்கள். கடை திறப்பதற்கு முந்தின தை மாசம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, லீவில் வந்திருந்த மருமகன் பாபநாசம் பக்கத்து இன்னோவா ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்திச் சுத்தம் செய்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சர் முழுக்க நெல் சுணை, பழுப்பு வெல்வெட்டை ஒட்டியது போல. ரோட்டில் பரப்பிய நெல்லின் மேலும் வைக்கோலின் மேலும் ஓட்டி ஓட்டி வந்த வண்டி. பிரஷர் வாஷரால் நேரே அடித்தால் சுணை உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். உள்பக்கமிருந்து வெளியே, காற்றைக் குறைத்து வைத்து, கை அகலம் கை அகலமாக ஊதித் தள்ளினான். கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது ஒரு கைப்பிடி பதர் கொட்டியது. பேட்டரிக்குப் பின்னால் எலி கொண்டுவந்து சேர்த்த கதிர்கள். வயலை அறுத்துவிட்டால் எலி பாவம் எங்கே போகும்? சக்கர வளைவுக்குள் வண்டல் களிமண் காய்ந்து ஓடாகியிருந்தது. பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க, ஊறவைத்து மரச்சீவலால் எடுத்தான். வல்லத்துச் செம்மண் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். ஆற்றுப் பாசனத்துக் களிமண் அப்படிப் போகாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பானெட் நடுவில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் மூன்று மாச வெயிலில் ஊறி ஆரஞ்சு வட்டமாக நின்றது. ஏதோ கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் ஒட்டிய டேப்பின் பசை கதவு ஓரமெல்லாம்.

காலை எட்டரைக்குத் தொடங்கியவன், சாப்பாட்டு நேரம் போக, ஐந்து மணிக்கு முடித்தான். வண்டிக்காரர் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, “டீ குடிச்சுக்கோ தம்பி” என்று இருபது ரூபாயும் சேர்த்துக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. அவனே கேட்ட தொகை அது. வாட்டர் வாஷ் நானூறு, இது நூறு ரூபாய் கூட வைத்துக்கொள்வோம் என்று அவன் நினைத்திருக்கிறான்.

பக்கத்துக் கடை விலையைப் பார்த்து நூறு கூட்டுவதோ நூறு குறைப்பதோ விலை வைப்பது ஆகாது. பக்கத்துக் கடைக்காரர் தன் விலையை எப்படி வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள், அவருக்குப் பக்கத்துக் கடையைக் காட்டுவார்.

இந்த மண்ணில் பிறந்தவனுக்கு விலைக் கணக்கைச் சொல்லித்தர வெளியூர் ஆள் வேண்டியதில்லை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை சொல்லும்போது மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் செலவை மூன்று விதமாகப் போடுகிறது. விதை, உரம், உழவு, ஆள் கூலி என்று கையை விட்டுப் போன காசும் கருவிகளின் தேய்மானமும் சேர்ந்தது ஏ2. வீட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் உழைத்தார்களே, அதற்கு ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் வாடகையையும், சொந்த முதலுக்கு வந்திருக்கும் வட்டியையும் சேர்த்தால் சி2. 1925-ல் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-லிருந்து 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் வைத்து விலை கொடு என்றது. 2018-ல் மத்திய அரசு ஒன்றரை மடங்கு தருகிறோம் என்று அறிவித்தபோது, எடுத்துக்கொண்டது ஏ2 கூட்டல் எஃப்எல். விவசாயிகள் சங்கங்கள் கேட்பது சி2. நடுவில் விடுபடுவது நிலத்தின் வாடகையும் முதலின் வட்டியும். அந்த விடுபடலுக்காகத்தான் இத்தனை வருஷச் சண்டை.

2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. மாநில ஊக்கத்தொகை சேர்த்துக் கொள்முதல் நிலையத்தில் 2,500, 2,545. இந்தத் தொகையில், நெல் விளைவிக்கிற என் அத்தானுக்கு, மருமகனின் அப்பாவுக்கு, ஒரு பைசா கூட்டிக் கேட்க வழியில்லை. வியாபாரி களத்துமேட்டுக்கே வந்தால் அவர் சொன்னதுதான் விலை, சர்க்கார் வாங்கினால் சர்க்கார் சொன்னதுதான் விலை. தலைமுறை தலைமுறையாகத் தன் சரக்குக்குத் தான் விலை சொல்லாத குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் முறையாக ஒரு பையன், தானே விலை எழுதி மாட்டக்கூடிய ஒரு தொழிலுக்கு வந்திருக்கிறான். வந்தவன் தன் கூலியையும் மனை வாடகையையும் தானே வெட்டிவிட்டு, அதற்கு மேல் பாதித் தள்ளுபடியும் போடுகிறான். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கணக்கை எடுத்து வைத்தோம். ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு இன்டீரியர் கிளீனிங். சீட், கூரைத் துணி, கார்ப்பெட், ஏசி வழி, டேஷ்போர்டு எல்லாம் சேர்த்து அவனுக்கும் உதவியாள் ஒருவனுக்கும் அரை நாள் வேலை. பட்டியலில் 1,200 ரூபாய், தள்ளுபடியில் 600.

“செலவு எவ்வளவு?”

“ஷாம்பு, கெமிக்கல், துணி எல்லாம் தொண்ணூறு மாமா. கரண்டு, தண்ணிக்கு நாப்பது வச்சுக்கங்க. பையனுக்கு நாள் எழுநூறு, அரை நாளைக்கு முந்நூத்தம்பது. நானூத்தி எண்பது. அறுநூறு வாங்குனா நூத்தி இருபது நிக்குதே.”

நிற்கவில்லை. பிரஷர் வாஷர், வேக்கம், பாலிஷ் மெஷின், கம்ப்ரசர், ஷெட் என்று தன் சேமிப்பிலிருந்து நான்கு லட்சம் போட்டிருக்கிறான். நான்கு வருஷத்தில் தேயும் என்று வைத்தால் வருஷத்துக்கு ஒரு லட்சம். மாசம் 26 நாள், நாளுக்கு இரண்டு வண்டி என்று பிரித்தால் வண்டிக்கு 160 ரூபாய். ஆக 640. அறுநூறு ரூபாய்க்கு வேலை செய்தால், தன் கூலியை எண்ணுவதற்கு முன்பே வண்டிக்கு நாற்பது ரூபாய் கைப்பிடித்தம். திருச்சியில் மாசம் 22,000 வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அரை நாள் கூலி சுமார் 420. சேர்த்தால் 1,060. அப்பா மனைதானே என்று அவன் வாடகையே எழுதவில்லை. அந்த மனையை ஒரு மரக்கடைக்காரர் மாசம் ஒன்பதாயிரத்துக்குக் கேட்டது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வண்டிக்கு 175. நான்கு லட்சத்துக்கு வங்கி வட்டி ஏழு சதவீதம் போட்டால் வண்டிக்கு 45. மொத்தம் 1,280. இதுதான் அவனுடைய சி2.

அவன் பேசவில்லை. தள்ளுபடி போகட்டும், அவன் எழுதி வைத்திருந்த முழு விலையே 1,200. நஷ்டத்துக்கு விலை வைத்து, அந்த நஷ்டத்தில் பாதித் தள்ளுபடி. கும்பகோணத்துக்காரர் சொன்ன ஐம்பது சதவீதத்தைச் சி2-வுக்கு மேல் போட்டால் 1,920 வருகிறது. அதுவும் நாள் தவறாமல் இரண்டு வண்டி வந்தால். மழை நாளில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தையும் மற்ற நாள் வண்டிகள்தானே சுமக்க வேண்டும்? அந்த ஐம்பது சதவீதத்தைக் கொள்ளை என்று யாராவது சொன்னால், அவர் கார்த்திகை மாசம் கடை வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது அடுத்த வாதத்துக்கு வருவார்கள். சரி, முதலில் குறைவாக வைத்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளட்டுமே? ஏற்றிப் பாருங்கள். 2018 ஜனவரியில் தமிழக அரசு பஸ் கட்டணத்தை ஏற்றியபோது ஊரூராக மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் கொஞ்சமாவது இறக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் பாடே அது என்றால் வல்லம் ரோட்டுக் கடைக்காரன் எம்மாத்திரம்? முதலில் சொன்ன விலைதான் ஜனங்கள் மனசில் அந்த வேலையின் விலை. அதற்குப் பின் எழுதுவதெல்லாம் ‘ஏத்திட்டான்’. ஏற்றாதவனுக்கு இருக்கிற ஒரே வழி வேலையைக் குறைப்பது. எந்த வேலையைக் குறைப்பான்? கண்ணுக்குத் தெரியாததை. கேபின் ஃபில்டரைக் கழற்ற மாட்டான்.

தவிர, அறுநூறு ரூபாய்க்கு வருகிற வாடிக்கையாளர் யார்? வண்டியை நிறுத்தி இறங்காமலே, “சும்மா ஒரு தண்ணி அடிச்சு விடு தம்பி, அவசரம்” என்கிறவர். அவர் நல்லவர்தான். அவருக்கு வேண்டியது வாட்டர் வாஷ். அது அடுத்த தெருவில் இருக்கிறது. அவரை வைத்து ஆறு மாசம் கடையை நிரப்பினால், மெடிக்கல் காலேஜ் ரோட்டு டாக்டரும், சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்து புது வண்டி எடுத்த அதிராம்பட்டினத்துக்காரரும் வந்து பார்க்கும்போது வாசலில் ஏழு வண்டி வரிசையில் நிற்கும். திரும்பிப் போவார்கள். வியாபாரம் வளர்ந்து வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு இருக்கிறது. அறுநூறுக்குப் பழகியவரிடம் போய் அதைக் கேட்டுப் பாருங்கள்.

‘நம்ம ஊர்க்காரன் கொடுக்க மாட்டான்’ என்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாதம். அந்த நம்ம ஊர்க்காரன் யார்? திருபுவனம் பட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறவன். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு எவ்வளவு, கல் எவ்வளவு என்று விசாரித்து, சட்டத்தின் அளவுக்கு ஏற்ற விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவன். நகைக்கடையில் கிராம் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரி எழுதிக் காட்டினால் அதையும் கொடுக்கிறவன். செய்கூலி என்பது கைவேலைக்கு. சேதாரம் என்பது வேலையில் வீணாகிற பொருளுக்கு. இந்த இரண்டு சொல்லும் தெரியாத அம்மா ஒருத்தியைக்கூட நீங்கள் இந்த ஜில்லாவில் பார்க்க முடியாது. பேரம் பேசுவார்கள், அது வேறு. ஆனால் அந்த இரண்டு வரியே கூடாது என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அங்கே தராசும் இருக்கிறது, பில்லும் இருக்கிறது. காரில் தராசு இல்லை. ‘ஃபுல் டீடெயிலிங் 3,000’ என்று மொட்டையாக ஒரு எண்ணைச் சொன்னால் எவனுக்கும் சந்தேகம் வரும், எனக்கும் வரும்.

தராசு வைக்கலாம். பானெட் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் போட்டு, டேப்பைப் பிரித்துக் காட்டுவது அவனுக்குத் தெரிந்த வித்தைதான். இருபது நிமிஷ வேலை. இலவசமாகக் கொடுப்பதென்றால் அதைக் கொடுக்கட்டும். அரை பானெட் பளபளப்போடு வீட்டுக்குப் போக எந்த வண்டிக்காரருக்கும் மனசு வராது. ஏசி ஃபில்டரிலிருந்து கொட்டிய சுணையை ஒரு தட்டில் வைத்துக் காட்டட்டும். பில்லில் கெமிக்கல் இவ்வளவு, கைவேலை இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். இன்னோவாவுக்கும் ஆல்ட்டோவுக்கும் ஏன் விலை வேறு என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

மலிவு விலையால் கெடுவது கடைக்காரன் மட்டும் என்றால் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். வண்டியும் கெடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் என்னுடைய கறுப்பு ஸ்விஃப்டை, ஒரு கடையில் திறப்பு விழாச் சலுகையில் பாலிஷுக்கு விட்டேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி போலக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே பார்த்தேன்: பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல். காலையில் கதவு ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பளபளப்பே இல்லாமல் மங்கிப் போயிருந்தது. கம்பெனி பெயிண்டின் மேல் இருக்கிற கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். ஒவ்வொரு முறை கம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போதும் அதில் சில மைக்ரான் போகும். விளிம்புகளில் இன்னும் சீக்கிரம் போகும். நிதானமுள்ளவன் விளிம்புக்கு டேப் ஒட்டுவான், கடினமான பேடைத் தவிர்ப்பான், இடையிடையே கையை வைத்துச் சூடு பார்ப்பான். அந்தக் கடைப் பையனுக்கு நிதானம் இல்லாமல் இல்லை; அவனுக்குப் பின்னால் சலுகை விலைக்கு வந்த ஐந்து வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரே வாளித் தண்ணீரில் எல்லா வண்டிக்கும் துணியை முக்கியிருப்பான். முந்தின வண்டியின் மணல்தான் என் வண்டியில் கோலம் போட்டது. நான் மிச்சம் பிடித்தது எழுநூறு ரூபாய். பானெட்டையும் கதவையும் திரும்பப் பெயிண்ட் அடிக்க ஆனது அதைப்போலப் பல மடங்கு.

குறைந்த விலை முதலில் கடிக்கிறது உதவியாளின் கூலியைத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாளிக்கு நிற்காதபோது எழுநூறு அறுநூறாகும், அப்புறம் ‘தொழில் கத்துக்கிறான்ல’ என்று நானூறாகும். பண்ணையாளின் கூலியைக் காக்கச் சட்டமே போட வேண்டியிருந்த ஜில்லா இது. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல்.

மறுபக்கத்து அசட்டுத்தனமும் ஒன்று உண்டு. மருமகன் தள்ளுபடி ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு முன்னால் சென்னைக் கடை ஒன்றின் பட்டியலை அப்படியே எடுத்து வைத்திருந்தான்: சில்வர், கோல்டு, பிளாட்டினம். பிளாட்டினத்தில் செராமிக் கோட்டிங், ஐந்து வருஷ வாரண்டி, முப்பதாயிரத்துக்கு மேல். அம்மாபேட்டைக்காரர் பொலேரோவுக்கு இது எதற்கு? மேல்தட்டு விலை வைத்தால் மரியாதை என்பவர்களும், அடிமட்ட விலை வைத்தால் கூட்டம் என்பவர்களும் செய்கிற தப்பு ஒன்றேதான். இரண்டு பேரும் எதிரே நிற்கிற வண்டியைப் பார்க்கவில்லை. இந்த ஊர் வண்டிக்கு வருகிற சீக்குகள் வேறு. தையில் சுணை. வேப்பமரத்து நிழலில் நிறுத்தினால் பிசின், காக்கை எச்சம். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் பொட்டு; அதற்குத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் கடையில் இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. நவக்கிரகக் கோயில் சுற்றுகிற டிராவல்ஸ் வண்டிக்குள் விபூதி, எண்ணெய், குழந்தை வாந்தி. இந்த ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தை எழுதி, பக்கத்தில் விலையை எழுதினால் அதுதான் பட்டியல். பிளாட்டினமும் வேண்டாம், தகரமும் வேண்டாம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். இங்கே பணம் பன்னிரண்டு மாசமும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. குறுவை அறுத்தால் கொஞ்சம், சம்பா அறுத்தால் நிறைய; நடுவில் உரக்கடைக்கும் கல்யாணத்துக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியைக் கழுவி என்ன பிரயோஜனம் என்பார்கள். அந்த மாசங்களில் விலையை இறக்கினால் என்ன? நான் சொன்னேன், வேலையை மாற்று. மழைக் காலத்தில் வெளிப் பளபளப்புக்கு ஆள் வராது. உள்ளே கார்ப்பெட் நனைந்து பூஞ்சணம் பிடித்து நாற்றமடிக்கிற வண்டி வரும். சீட்டைக் கழற்றி, தண்ணீரை உறிஞ்சி, காயவைத்துக் கொடுப்பது பாலிஷைவிடப் பெரிய வேலை. அதன் விலை கூடுமே தவிரக் குறையாது. காசு குறைவாக உள்ளவருக்குச் சின்ன வேலையைச் சின்ன விலைக்குக் கொடுக்கலாம்: டேஷ்போர்டும் ஏசி வழியும் மட்டும், ஒரு மணி நேரம், இவ்வளவு. ஒரு படி கேட்டால் ஒரு படி அளந்து கொடுப்போம். அரைப்படி காசுக்கு ஒரு படி கொடுக்க மாட்டோம்.

கடன் இன்னொரு விஷயம். ‘அறுவடை முடிஞ்சு தரேன் தம்பி’ என்பதை இந்த ஊரில் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். உரக்கடைக்காரர் அதைத் தன் விலைக்குள் வைத்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். ஏற்கெனவே பாதி விலைக்குக் கொடுத்ததைக் கடனுக்கும் கொடுத்தால் மிச்சமிருப்பது நோட்டுப் புத்தகம் ஒன்றுதான்.

இத்தனையும் சொல்லி முடித்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. மருமகன் செங்கல்லை எடுத்துவிட்டு ஃப்ளெக்ஸைச் சுருட்டினான். “ரெண்டாயிரத்து நானூறு ரூபாய் மாமா, அடிச்ச கூலி” என்றான். மாமனாரிடம் என்ன சொல்வது என்ற கவலையும் அவனுக்கு இருந்தது. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன், இன்றுவரை பேசவில்லை. விஜயதசமியன்று வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே கறுப்புப் பலகையில் சாக்பீஸால் பதினொரு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் நேரம், விலை. ஸ்விஃப்ட் இன்டீரியர் 1,900 என்று எழுதியிருந்தான். இருபது ரூபாயை எனக்குத் தெரியாமல் விட்டுக்கொடுத்துவிட்டான். முதல் நாள் மூன்று பேர் விலை கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் வண்டியை விட்டார்.

அடுத்த இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. அத்தானின் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஐந்து நாளாகக் குவியலாகக் கிடந்தது. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், எடுக்கிறவரை நனையாமல் காக்க வேண்டும், படுதாவுக்கோ ஊரே அலைந்தது. நான் போய்ப் பார்த்தபோது அவர் குவியலின் மேல் ஏறி நின்று, பன்னிரண்டுக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸைப் போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெரிய கோவில் விமானம் ஒரு சரிவில், சிவப்புக் கார் மறு சரிவில், உச்சியில் மஞ்சள் எழுத்து.

“திருப்பிப் போடலாமே அத்தான்?” என்றேன்.

“வழவழப்பு மேல இருந்தாத்தான்டா தண்ணி வடியும்” என்றார்.